ஃபைபர் போன் வாங்கலாமா? வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள்

ஃபைபர் நெட் போட வருகிறவர்கள் எல்லாரும் கிளம்பும்போது ஒன்று சொல்வார்கள்: "லேண்ட்லைன் ஃப்ரீ மேடம், அன்லிமிடெட் கால்." பாதிப் பேர் அந்தப் போனை மாட்டுவதே இல்லை. மோடத்தின் முதுகில் 'டெல்' என்றோ 'போன்' என்றோ எழுதிய சின்ன ஓட்டை தூசி படிந்து கிடக்கும். எங்கள் வீட்டில் கதை தலைகீழ். அந்த ஓட்டைக்காகத்தான் ஃபைபரே போட்டோம். நெட் அதோடு வந்தது.

காரணம் என் மாமியார். அத்தைக்கு எழுபத்தாறு வயது. விரல் நுனியெல்லாம் காய்ந்து கிடப்பதால் டச் போனில் பச்சையை இழுத்தால் நகராது, அவசரத்தில் சிவப்பில் கை பட்டு கால் கட்டாகிவிடும். அவருக்கு வேண்டியது ரிசீவர். தோளுக்கும் காதுக்கும் நடுவில் அதை இடுக்கிக்கொண்டு, மடியில் முறத்தை வைத்துக் கீரை ஆய்ந்துகொண்டே சீர்காழியில் இருக்கும் தங்கையோடு ஒரு மணி நேரம் பேச வேண்டும். இதைச் செய்ய எந்த ஸ்மார்ட் போனும் இன்னும் வரவில்லை.

எங்களுக்கு ஊர் மன்னார்குடி. வீட்டுக்காரர் ஷார்ஜாவில். நான் வீட்டிலேயே கணக்கு டியூஷன் எடுக்கிறேன். பையன் பதினொன்றாம் வகுப்பு. அதாவது ஒரே இணைப்பில் அத்தையின் அரட்டை, என் வகுப்பு, பையனின் கேம் மூன்றும் ஓட வேண்டும். எந்தக் கம்பெனி என்று எழுதப் போவதில்லை. குறையும் சொல்லப் போகிறேன், தவிர ஒரே கம்பெனி ஊருக்கு ஊர் வேறு மாதிரி நடந்துகொள்ளும். பெயர்ப்பலகை யாருடையதாக இருந்தாலும், பல ஊர்களில் ஏணியோடு வந்து நிற்பது உள்ளூர்க் கேபிள்காரர்தான்.

முதலில் இது என்ன சமாச்சாரம் என்று பார்த்துவிடுவோம். பழைய லேண்ட்லைனில் எக்ஸ்சேஞ்சிலிருந்து நம் வீடு வரை ஒரு ஜோடி செம்புக் கம்பி வரும். குரலும் அதில்தான் வரும், போனுக்கு வேண்டிய 48 வோல்ட் மின்சாரமும் அதில்தான் வரும். ஃபைபரில் வருவது வெறும் ஒளி. சுவரில் மாட்டியிருக்கும் ஓஎன்டி பெட்டி (நாம் மோடம் என்றுதான் சொல்கிறோம்) நம் குரலைத் துண்டு துண்டாக எண்களாக்கி அனுப்புகிறது, வருகிற எண்களை மறுபடி குரலாக்குகிறது. டயல் டோனைக் கூட அந்தப் பெட்டிதான் உண்டாக்கித் தருகிறது. 'லேண்ட்லைன்' என்கிறார்களே ஒழிய, உண்மையில் இது இன்டர்நெட் முறையில் ஓடும் போன்.

ஒரு காலுக்கு எவ்வளவு நெட் பிடிக்கும் என்று பையன் கேட்டான். வழக்கமான முறையில் குரலுக்கு நொடிக்கு 64 கிலோபிட், அதன் மேல் சுற்றும் உறைகள் (எங்கே போக வேண்டும் என்கிற விலாச விவரங்கள்) எல்லாம் சேர்த்தால் போக, வர ஒவ்வொரு திசைக்கும் 100 கிலோபிட்டுக்குள் முடிந்துவிடும். 30 எம்பிபிஎஸ் பிளானே இதற்குக் கடல். ஆகவே போனுக்காக வேகமான பிளான் எடுக்கச் சொன்னால் நம்பாதீர்கள். குரலுக்கு முக்கியம் வேகமில்லை, தாமதம். ஒருவர் பேசுவது மற்றவருக்குப் போய்ச் சேர 150 மில்லிநொடிக்கு மேல் ஆகாமல் இருந்தால் நல்லது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கணக்கு. அதைத் தாண்டிப் போகப் போக இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "ஹலோ" சொல்லி, ஒரே நேரத்தில் நிறுத்தி, மறுபடி ஒரே நேரத்தில் ஆரம்பிப்பார்கள்.

எங்கள் போனில் அந்தத் தொல்லை இல்லை. சீர்காழிச் சித்தியின் குரல் பக்கத்து அறையிலிருந்து வருவது போலக் கேட்கிறது. பின்னணியில் அவர் வீட்டுக் குக்கர் விசில் எண்ணிச் சொல்லலாம். பழைய செம்பு லைனில் மழைக்காலத்தில் கேட்கும் கரகரப்பு இதில் அறவே கிடையாது. கண்ணாடி இழையில் ஈரம் புகுந்து இரைச்சல் போட வழியில்லை. இது பெரிய வரவு. அத்தைக்கு இடது காது கொஞ்சம் மந்தம். முன்பெல்லாம் போனில் கத்துவார், இப்போது கத்துவதில்லை.

பையன் கேம் டவுன்லோடு போட்டிருக்கும்போது பேசிப் பார்த்தேன். ஓஎன்டியில் நேரடியாகச் சொருகிய போனில் ஒரு வித்தியாசமும் இல்லை. கம்பெனிகள் பெரும்பாலும் குரலுக்குத் தனிப் பாதை ஒதுக்கி அதற்கு முன்னுரிமை கொடுத்துவிடுகின்றன. ஆனால் அதே லேண்ட்லைன் எண்ணை மொபைலில் ஓட்ட ஒரு ஆப் தருகிறார்களே, அது வேறு ரகம். வீட்டின் பின்கட்டில், வைஃபை இரண்டு சுவர் தாண்டி வரும் இடத்தில், அதில் பேசினால் வார்த்தை பாதி பாதியாக விழுகிறது. ஃபைபர் போன் மோசம் என்று சொல்பவர்களில் பலர் அந்த ஆப்பில் பேசிவிட்டுத்தான் சொல்கிறார்கள். நூறு ரூபாய் வயரை இழுத்து ஒரு சாதாரணப் போனை மாட்டிப் பாருங்கள், அப்புறம் திட்டலாம்.

போன் கருவியைப் பற்றி. கம்பெனி பெரும்பாலும் கருவி தருவதில்லை, நாமே வாங்க வேண்டும். கடைத்தெருவில் பீட்டெல் போன் சாதாரண மாடல் கிடைக்கிறது, அதுவே போதும். பழைய போன் இருந்தால் அதையும் மாட்டலாம். ஆனால் அடியில் 'பி', 'டி' என்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். அது 'டி'யில் இருக்க வேண்டும். சுழற்றும் போன் காலத்து 'டக் டக்' முறையைப் பெரும்பாலான ஓஎன்டி பெட்டிகள் புரிந்துகொள்ளாது. மணியும் வரும், குரலும் வரும், எண்ணை அழுத்தினால் மட்டும் கால் போகாது. இன்னொன்று, ஹாலில் ஒன்று, அறையில் ஒன்று, மாடியில் ஒன்று என்று மூன்று பழைய போன்களை இணைத்தால் மணி சோனியாகத்தான் அடிக்கும். மூன்றையும் அடிக்க வைக்கும் தெம்பு அந்தச் சின்னப் பெட்டிக்கு இல்லை. அதற்குப் பதில் இரண்டு ஹேண்ட்செட் உள்ள கார்ட்லெஸ் செட் ஒன்று வாங்கிவிடலாம்.

வீட்டுச் சுவருக்குள் பழைய டெலிபோன் வயரிங் இருந்தால் அதையே பயன்படுத்தலாம் என்று எங்கள் எலக்ட்ரீஷியன் சொன்னார். செய்யலாம்தான். ஆனால் வெளியிலிருந்து வரும் பழைய செம்புக் கம்பியை முதலில் வெட்டிப் பிரித்துவிட வேண்டும். அந்தப் பக்கத்து 48 வோல்ட்டும் இந்தப் பெட்டியும் ஒரே வயரில் சந்தித்தால் ஓஎன்டியின் போன் பகுதி போய்விடக்கூடும். அவருக்கு இதை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

சரி, கரண்ட் விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் போனின் நல்லது கெட்டது எல்லாம் இதில்தான் இருக்கிறது.

பழைய லைனில் ஊரே இருண்டாலும் போன் பேசும். எக்ஸ்சேஞ்சில் பேட்டரியும் ஜெனரேட்டரும் இருக்கும், நம் வீட்டில் எதுவும் வேண்டாம். ஃபைபர் போனில் ஓஎன்டிக்கு கரண்ட் இல்லை என்றால் டயல் டோன் இல்லை, அவ்வளவுதான். எங்கள் பக்கம் ஈ.பி.யின் மாதாந்திரப் பராமரிப்பு என்றால் காலை 9 மணிக்குப் போய் மாலை 5 மணிக்கு வரும். அந்த நாளில் போன் வெறும் பிளாஸ்டிக்.

வைஃபை ரவுட்டருக்கென்றே விற்கும் மினி யூபிஎஸ் ஒன்று ஆன்லைனில் ஆயிரத்துச் சொச்சத்துக்கு வாங்கினேன். சோப்பு டப்பா அளவுதான். வாங்கும் முன் ஓஎன்டியின் அடாப்டரைத் திருப்பி, எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று படித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் 12 வோல்ட்தான், ஆனால் ஆம்பியர் 1, 1.5, 2 என்று மாறும். குறைவான ஆம்பியர் யூபிஎஸ் வாங்கினால் பெட்டி அணைந்து அணைந்து எரியும். ஒன்றிரண்டு மணி நேரக் கட்டுக்கு மினி யூபிஎஸ் அருமை. ஒரு நாள் முழுக்கப் போனால் தாங்காது.

வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறவர்கள் அதில் ஓஎன்டி பிளக்கைச் சேர்த்துவிடலாம். அங்கேயும் ஒரு சூட்சுமம். இன்வெர்ட்டரில் 'யூபிஎஸ்', 'நார்மல்' என்று இரண்டு நிலை உண்டு. நார்மலில் வைத்திருந்தால் கரண்ட் போய் பேட்டரிக்கு மாறும் இடைவெளியில் ஓஎன்டி ரீஸ்டார்ட் ஆகிவிடும். விளக்கு கண் சிமிட்டியதாகக்கூட நமக்குத் தெரியாது, ஆனால் போன் மறுபடி தயாராகச் சில நிமிடம் பிடிக்கும். அத்தை பேச்சின் நடுவில் "இந்தா, செத்துப் போச்சு" என்று ரிசீவரை நீட்டுவார். யூபிஎஸ் நிலைக்கு மாற்றிய பிறகு அந்த ரிசீவர் என் பக்கம் நீள்வதில்லை.

இதையெல்லாம் செய்தும் ஒரு நாள் போன் வேலை செய்யவில்லை. நம் வீட்டில் இன்வெர்ட்டர் ஓடுகிறது, ஓஎன்டியில் 'லாஸ்' விளக்கு சிவப்பாக மினுக்குகிறது, அதாவது இழையில் ஒளி வரவில்லை. விசாரித்தால் கேபிள்காரர் அறையில் கரண்ட் இல்லை, அவருடைய பேட்டரி தீர்ந்துவிட்டது. இந்த அமைப்பில் ஒரே இழையை நடுவழியில் 32 வீடுகளுக்கோ 64 வீடுகளுக்கோ பிரிப்பார்கள். பிரிக்கும் அந்தச் சின்னப் பெட்டிக்கு மின்சாரம் வேண்டாம். ஆனால் இரண்டு முனைக்கும் வேண்டும். ஒரு முனை நம் ஓஎன்டி, மறு முனை அவர் அறையில் இருக்கும் ஓஎல்டி என்கிற பெட்டி. ஆகவே இணைப்பு எடுக்கும் முன் ஸ்பீடைக் கேட்காதீர்கள். "அண்ணே, உங்க ரூம்ல பேட்டரி எத்தனை மணி நேரம் நிக்கும்? ஜெனரேட்டர் இருக்கா?" என்று கேளுங்கள். மழுப்பினால் பதில் தெரிந்துவிட்டது.

நாங்கள் கஜாவைப் பார்த்த ஊர்க்காரர்கள். 2018 நவம்பர் 16 விடிவதற்குள் அடித்துவிட்டுப் போன புயலில் மின்கம்பங்கள் வயலில் படுத்துக் கிடந்தன. பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. ஃபைபரை அதே கம்பங்களில்தான் கட்டியிருக்கிறார்கள். கம்பம் விழுந்தால் அதுவும் விழும். புயல் காலத்துக்கு இந்தப் போனை நம்பச் சொல்ல என்னால் முடியாது. பட்டன் மொபைல் ஒன்றை முழு சார்ஜில் தனியாக வைத்திருக்கிறேன்.

லண்டனில் இருக்கும் நாத்தனாரிடம் இதைச் சொன்னபோது, அங்கேயும் இதே பேச்சுதான் என்றார். பிரிட்டனில் பழைய போன் லைன்களை எல்லாம் 2027 ஜனவரிக்குள் மூடி இன்டர்நெட் போனுக்கு மாற்றுவதாகத் திட்டம். தனியாக இருக்கும் முதியவர்கள் கழுத்தில் மாட்டியிருக்கும் அவசர பட்டன் பழைய லைனை நம்பி ஓடுவது. மாற்றும்போது அது வேலை செய்யாமல் போய்ப் பிரச்சினையானதால், 2023 டிசம்பரில் கட்டாயமாக மாற்றுவதைக் கொஞ்சம் நிறுத்தி வைத்தார்கள். லேண்ட்லைனையே நம்பியிருப்பவர்களுக்குக் கரண்ட் போனாலும் ஒரு மணி நேரமாவது அவசர எண்ணை அழைக்கக் கம்பெனியே வழி செய்ய வேண்டும் என்று அங்கே விதி. நமக்கு அந்த பாக்கியம் வாய்க்கவில்லை. பேட்டரி நம் செலவு.

அவசர எண் பற்றி இன்னொன்று. 108 அடித்தால், வீட்டு விலாசத்தை நாமே வாயால் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். போன் பக்கத்துச் சுவரில் கதவு எண், தெரு, பக்கத்தில் என்ன அடையாளம் என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன். பதற்றத்தில் அத்தைக்கு மட்டுமல்ல, எனக்கும் அது உதவும்.

பணக் கணக்கு. 2020ல் ஒரு கம்பெனி 399 ரூபாய்க்கு 30 எம்பிபிஎஸ் பிளான் கொண்டுவந்த பிறகுதான் இந்தச் சந்தை இறங்கியது. ஆனால் விளம்பரத்தில் போடும் தொகையில் ஜிஎஸ்டி இருக்காது. 18 சதவீதம் சேர்த்தால் 399 என்பது 470 ரூபாய் 82 காசு. நாங்கள் கட்டுவது 499, கையை விட்டுப் போவது 588 ரூபாய் 82 காசு. இந்தியாவுக்குள் எந்த எண்ணுக்கும் பேசத் தனிக் காசு கிடையாது.  

2021 ஜனவரி 15ஆம் தேதியிலிருந்து லேண்ட்லைனில் மொபைலை அழைக்க முன்னால் ஒரு பூஜ்யம் போட வேண்டும் என்று ஆக்கினார்கள். ஃபைபர் போனுக்கும் இது பொருந்தும். அத்தையின் டைரியில் ஒவ்வொரு எண்ணுக்கும் முன்னால் பையன் சிவப்பு மையில் பூஜ்யம் போட்டுக் கொடுத்தான். மஞ்சள் கறை படிந்த அந்த டைரியில் சித்தி, பால்காரர், கோயில் குருக்கள் எல்லாரும் இப்போது சிவப்புப் பூஜ்யத்தோடு நிற்கிறார்கள்.

வெளிநாட்டுக் கால் இந்த அன்லிமிடெட்டில் வராது. ஐஎஸ்டி பேக் தனி. அமீரகத்தில் வாட்ஸ்அப் கால் ஓடாது என்பதால் வீட்டுக்காரர் போட்டிம் ஆப்பில்தான் கூப்பிடுகிறார். அந்த வகையில் லேண்ட்லைனால் எங்களுக்கு ஒரு பைசா லாபம் இல்லை. வளைகுடாவில் ஆள் இருக்கும் வீட்டுக்காரர்கள் அந்த ஆசையில் இதை எடுக்க வேண்டாம்.

நான் எதிர்பாராத லாபம் ஒன்று உண்டு. டியூஷன் பிள்ளைகளின் பெற்றோருக்கு இப்போது 04367 என்று தொடங்கும் இந்த எண்ணைத்தான் கொடுக்கிறேன். லேண்ட்லைனுக்கு எஸ்எம்எஸ் ஓடிபி வராது, ஆனால் வாட்ஸ்அப் பிசினஸில் "என்னை அழை" என்று போட்டால் போனில் கூப்பிட்டு எண்ணைச் சொல்லும். அப்படிப் பதிவு செய்துகொண்டேன். என் மொபைல் எண் நோட்டீசில் இல்லை, ராத்திரி பதினொரு மணிக்கு "டீச்சர், நாளைக்கு கிளாஸ் உண்டா" என்று யாரும் கேட்பதில்லை. வீட்டிலிருந்து தொழில் செய்யும் பெண்களுக்கு இதற்காகவே பரிந்துரைப்பேன்.

எண்ணை நினைத்து ஒரு எச்சரிக்கை. நம் நாட்டில் மொபைல் எண்ணை வேறு கம்பெனிக்கு எடுத்துப் போகலாம், லேண்ட்லைன் எண்ணை எடுத்துப் போக முடியாது. கம்பெனி மாறினால் எண் போச்சு. எங்கள் பழைய எண் அப்படித்தான் போனது. அது ஊர் முழுக்க, கல்யாணப் பத்திரிகைகளில் எல்லாம் அச்சான எண். வாடகை வீட்டில், அடிக்கடி மாறுகிறவர்கள் இந்த எண்ணை விசிட்டிங் கார்டில் அடிக்காமல் இருப்பது நல்லது. பி.எஸ்.என்.எல். செம்பு லைன் வைத்திருப்பவர்கள் அதே நிறுவனத்தின் ஃபைபருக்குப் போனால் எண்ணை வைத்துக்கொள்ள வழி இருக்கிறது. எண் முக்கியம் என்றால் முதலில் அங்கே போய்க் கேளுங்கள்.

இனி என் மனத்தாங்கல். அறுவடை முடிந்து வைக்கோல் லாரிகள் போகும் சமயம், எங்கள் தெரு முனையில் தாழ்வாகத் தொங்கிய கேபிளை ஒரு லாரி வாரிக்கொண்டு போனது. புகார் எண்ணுக்கு அடித்தால் முதலில் ஹிந்தி, அப்புறம் ஆங்கிலம், அப்புறம் தமிழ், அப்புறம் இசை. அன்று மாலையே "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று மொபைலுக்கு எஸ்எம்எஸ் வந்தது. கேபிள் அப்போதும் சாக்கடை ஓரத்தில் சுருண்டு கிடந்தது. ஆள் வர நாட்கள் ஆனது. வந்த பையன் கெட்டிக்காரன். கேபிளின் தோலை உரித்து, முடியைப் போன்ற இழையைத் துடைத்து, சின்ன மெஷினில் இரண்டு முனையையும் வைத்து மூடினான். திரையில் இரண்டு கோடுகள் நெருங்கி ஒன்றாயின. முழுசாகப் பத்து நிமிட வேலை. அதற்குத்தான் அத்தனை நாள் காத்திருப்பு. போன் இல்லாத நாளுக்குப் பணம் கழிப்பார்களா என்று கேட்டதற்கு இதுவரை பதில் இல்லை. ஆறு மாதம் முன்பணம் கட்டினால் சலுகை என்பார்கள். முதல் சில மாதம் மாதாமாதம் கட்டி, பழுது வந்தால் எப்படி வருகிறார்கள் என்று பார்த்துவிட்டு மொத்தமாகக் கட்டுங்கள்.

என் கணக்கில் ஐந்துக்கு மூன்றரை. வீட்டில் வயதானவர் இருக்கிறார், இன்வெர்ட்டர் இருக்கிறது, நெட் எப்படியும் வேண்டும் என்றால் யோசிக்காமல் எடுங்கள். நெட் வேண்டாம், போன் மட்டும் போதும் என்கிறவர்கள் மாதம் ஐந்நூறு ரூபாய் இதில் கொட்ட வேண்டாம். எதிர்வீட்டு அக்கா அப்படித்தான். அவருக்கு நான் சொன்னது, சிம் கார்டு போடும் மேஜை போன். பார்க்க லேண்ட்லைன் மாதிரியே ரிசீவரோடு இருக்கும், உள்ளே பேட்டரி உண்டு, கரண்ட் போனாலும் பேசலாம். வாங்கும்போது 4ஜி மாடலா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். விலை குறைவாகக் கிடைக்கும் 2ஜி மாடலில் ஜியோ சிம் போட்டால் வேலை செய்யாது.